மிதியும், பிடியும், விடும்

எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு ரேஸ் கார் நின்றது. கணவரின் ஸ்பொன்சரில் நான் கனடாவின் மொன்றியலுக்கு வந்திறங்கிய மாசி மாதத்தில் அதற்கு உருளச் சில்லுகள்கூட இல்லை. கண்ணாடி, கதவு, இருக்கை எல்லாம் கழற்றப்பட்டு, வெறும் தகரக் கூடாக மரக்குற்றிகளின் மேல் இருந்தது. முன்வாசலைப் பனி மூடியிருந்ததால் கணவர் என்னைக் கராஜ் வழியாகவே வீட்டுக்குள் கூட்டிப்போனார். என் சூட்கேஸைத் தலைக்கு மேல் தூக்கி, வயிற்றை எக்கிக்கொண்டு, அந்தக் கூட்டுக்கும் சுவருக்கும் இடையில் பக்கவாட்டில் நடந்தார். நானும் அப்படியே நடந்தேன். புதுக் கோட்டில் கறுப்பு மசகு அப்பிக்கொண்டது.

"பழைய கார். திருத்திக்கொண்டிருக்கிறன்," என்றார். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

சமாதான காலத்தில் கொழும்பில் நடந்த கல்யாணம் எங்களுடையது. அவர் லீவில் வந்து, மாதா கோயிலில் மோதிரம் மாற்றி, சில வாரங்களில் திரும்பிவிட்டார். அதன்பிறகு தொலைபேசி. தொலைபேசியில் அவர் அதிகம் பேசமாட்டார். செலவாகும் என்பதால் சுருக்கமாகப் பேசுகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அது எப்படிப்பட்ட கார் என்பதை ஒரு வருடம் போய்த்தான் விளங்கிக்கொண்டேன். சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் அவருக்குக் கடைசல் இயந்திரத்தில் வேலை. பக்கத்து இயந்திரத்தில் நின்ற கியூபெக்காரர் இளமையில் நாட்டுப்புறப் பந்தயங்களில் கார் ஓட்டியவராம். அவர் ஒரு கோடையில் இவரை மண்பாதைப் பந்தயம் ஒன்றுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே பார்வைக்கு நிறுத்தியிருந்த அறுபதுகளின் ஸ்டாக் கார் ஒன்றைக் கண்டுவந்த நாளிலிருந்து இவருக்கு அதே நினைப்பு. கடையில் எல்லோருக்கும் விற்கிற சாதாரணக் காரை எடுத்து, உள்ளே இருப்பதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெரிய எஞ்சின் பூட்டி, உருண்டாலும் ஆள் நசியாதபடி இரும்புக் குழாய்களால் உள்ளே ஒரு கூண்டு கட்டி ஓடவிடுவதுதான் ஸ்டாக் கார். அதே காலத்துக் கார் ஒன்றின் உடலைப் பண்ணைக் கொட்டகையொன்றிலிருந்து வாங்கிவந்து, அச்சொட்டாக அப்படியே செய்து, சட்டப்படி இலக்கத்தகடும் எடுத்து, தெருவில் ஓட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆசையும் சட்டமும் ஒவ்வொரு இடத்திலும் முட்டிக்கொண்டன. உண்மையான பந்தயக் காருக்குக் கதவு திறக்காது, உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஓட்டுபவர் ஜன்னல் வழியாக ஏறி இறங்குவார். தெருவில் ஓடுவதற்குக் கதவு திறக்கவேண்டும். உண்மையானதற்கு முன்விளக்கு கிடையாது, ஹோர்ன் கிடையாது, மழை துடைக்கும் வைப்பர் கிடையாது. தெருவுக்கு எல்லாம் வேண்டும். அவர் ஒவ்வொன்றையும் மனமில்லாமல் பூட்டினார். ஹோர்ன் பூட்டிய அன்று சாப்பாட்டு மேசையில், ரேஸ் காருக்கு ஹோர்ன் என்ன கேடுக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவருக்குப் பின்னேர ஷிப்ட். காலையில் எழும்பி, தேத்தண்ணியோடு கராஜுக்கு இறங்கிவிடுவார். மத்தியானம் வந்து குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போவார். அவர் திரும்பும் நேரம் நான் நித்திரை. சனிக்கிழமை முழுவதும் கராஜ். ஞாயிறு காலை தேவாலயத்தில் பூசை, அதன்பிறகு கராஜ். மேலே இருக்கும் எனக்குக் கிரைண்டர் இரும்பைக் கீறும் சத்தம் தரை வழியாகக் காலுக்குள் ஏறும். அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்குப் பயம் பிடிக்கும். என்னவோ நடந்துவிட்டது என்று படிக்கட்டில் நின்று காதுகொடுப்பேன்.

நாங்கள் இருந்தது மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். கார் இல்லாதவர்களுக்காக அமைத்த இடமல்ல அது. பஸ் தரிப்புக்கு நடக்கலாம், ஆனால் பனிக்காலத்தில் நடைபாதை எது, தெரு எது என்று தெரியாது. யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலத்திலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்தவள் நான். இராணுவச் சென்றிகளில் இறங்கி, உருட்டி, மறுபடி ஏறிப் போவேன். இங்கே செல் குண்டு விழவில்லை, ஊரடங்கு இல்லை. ஆனால் ஒரு பக்கெற் பால் வாங்க இன்னொருவரின் நேரத்துக்காகக் காத்திருந்தேன். பிரெஞ்சு வகுப்புக்குக் கொஞ்சக் காலம் போனேன். இரண்டு பஸ் மாறவேண்டும். வயிற்றில் பிள்ளை வந்ததும் அது நின்றுபோனது. மகள் பிறந்து, நடக்கத் தொடங்கி, காலையில் கார்தெரி என்ற பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்குப் போய் மற்றப் பிள்ளைகளோடு பிரெஞ்சு பழகத் தொடங்கினாள். என்னைவிட அவளுக்கு வெளியே அதிகம் ஆட்களைத் தெரிந்திருந்தது.

கார் ஓட்டப் பழகவேண்டும் என்று பலமுறை கேட்டேன். "பேந்து பாப்பம்," என்பார். பனி போகட்டும் என்பார். பனி போனதும், இந்த வேலை முடியட்டும் என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். கோபித்திருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன்.

நான் கராஜுக்குள் இறங்கத் தொடங்கியது பிரேக் வேலைக்காகத்தான். புதுக் குழாய்கள் பூட்டினால் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றவேண்டுமாம். அதற்கு இரண்டு ஆட்கள் தேவை. ஒருவர் இருக்கையில் இருந்து பிரேக்கை மிதிக்க, மற்றவர் கீழே படுத்துச் சிறிய ஆணியொன்றைத் திறந்து மூடுவார். முதல் நாள் வந்து, ஒரு சின்ன உதவி வேணும், இறங்கி வாறீரா என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

கூண்டின் குழாய்களுக்கு மேலால் காலைத் தூக்கிப்போட்டு, உடம்பை வளைத்துத்தான் உள்ளே போகமுடியும். இருக்கை அவருடைய அளவுக்குச் செய்தது. முதுகுக்கு ஒரு தலையணை வைத்தால்தான் என் கால் மிதிக்கு எட்டும். முன்னால் சுவர், வலப்பக்கம் சுவர். தலைக்கு மேலும் தோளோரமும் இரும்புக் குழாய். கீழேயிருந்து அவர் சொல்வார்: "மிதியும்." மிதிப்பேன். "பிடியும்." பிடித்திருப்பேன். "விடும்." விடுவேன். அந்த மூன்று சொற்களைத்தான் அந்தப் பனிக்காலத்தில் நாங்கள் அதிகம் பேசினோம். ஒழுகுகிறது, மறுபடி பூட்டவேண்டும், மறுபடி மிதிக்கவேண்டும் என்று அந்த வேலை இழுபட்டது. கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கார் எங்கோ போகிறது என்று நினைக்கப் பார்ப்பேன். அந்த எண்ணம் நிலைக்காது. சுவர் அங்கேயே இருக்கும்.

தை மாதத்து ஒரு காலை. வெளியே கடும் குளிர். அவர் தான் வேலைக்குப் போய்வரும் காரில் மகளைக் கார்தெரியில் விட்டுவிட்டு, முன்வாசல் பனியை வழித்துவிட்டு வந்தார். காரின் பின்பக்கம் ஜாக்கியால் உயர்த்தி, இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் இருத்தியிருந்தது. பின் சில்லுகள் கழற்றியிருந்தன. முன் சில்லுகள் மட்டும் நிலத்தில். தண்ணீர் வடிவதற்காகக் கராஜின் தரை நடுவிலுள்ள ஓட்டையை நோக்கிச் சற்றுச் சரிவாக இருக்கும். அதனால் முன் சில்லுகளுக்கு மரத்துண்டு அடை கொடுத்திருந்தார். பின்னால் காருக்கு அடியில், காவலுக்கென்று, பழைய டயர் ஒன்றைத் தட்டையாகக் கிடத்திவிட்டுத் தானும் உள்ளே போய்ப் படுத்தார்.

இறுகிப்போன ஆணி ஒன்றோடு அவர் மல்லுக்கட்டுவது எனக்குக் கேட்டது. "பிடியும்," என்றார். பிடித்திருந்தேன். ஒரு இழுவை. இன்னொரு இழுவை. கார் உடம்பைச் சிலிர்ப்பதுபோல அசைந்தது. பிறகு எனக்குப் பின்னால் பெரிய சத்தத்தோடு இறங்கியது. தலை குழாயில் இடித்தது. முன் சில்லுக்குக் கொடுத்த மரத்துண்டு தெறித்துப்போய்ச் சுவரில் பட்டு விழுந்தது.

அவருடைய சத்தம் வரவில்லை. "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டேன். இறங்குவதற்காகக் காலைத் தளர்த்தி உடம்பைத் திருப்பினேன். கார் மெல்ல நகர்ந்தது. அப்போதுதான் அவர் குரல் வந்தது. யாரோ பெட்டிக்குள் இருந்து பேசுவதுபோல.

"காலை எடுக்காதையும்."

முழுப் பலத்தோடு மிதித்தேன். கார் நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சுக்கு மூச்சு, நிலைமையைச் சொன்னார். கார் தாங்கியிலிருந்து வழுகி அந்தப் பழைய டயரின் விளிம்பில் தங்கியிருந்தது. காரின் சட்டம் ஒன்று அவருடைய தோளையும் நெஞ்சின் மேல்பக்கத்தையும் அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு கை அடியில் அகப்பட்டுவிட்டது. மூச்சு விடலாம், ஆழமாக இழுக்க ஏலாது. கார் சற்று உருண்டாலும் டயரிலிருந்து இறங்கிவிடும். அதை உருளாமல் பிடித்திருப்பது முன் சில்லுகளின் பிரேக். பிரேக் என் காலின் கீழ் இருந்தது.

தொலைபேசி மேலே சமையலறைச் சுவரில். கராஜ் கதவு மூடிக் கிடந்தது. அயலில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். கத்தினேன். என் சத்தம் கராஜுக்குள்ளேயே சுற்றி என்னிடம் வந்தது. ஹோர்னை அடிக்கச் சொன்னவர் அவர்தான். அடித்தேன். பழைய காலத்துப் பெரிய ஹோர்ன். மூடிய கராஜுக்குள் அது காதைப் பிளந்தது. கை நோகும்வரை அழுத்துவேன், நிறுத்திக் கேட்பேன், மறுபடி அழுத்துவேன். ஒருவரும் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தொடை நடுங்கத் தொடங்கியது. இரண்டாவது காலையும் முதற்காலின் மேல் வைத்து அழுத்தினேன். அந்த வீட்டில் ஒரு விஷயம் என்னை நம்பி நிற்பது அதுதான் முதல் தடவை என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த நேரத்தில் அப்படி எண்ணம் வருமா என்று கேட்பீர்கள். வந்தது. கூடவே கோபமும் வந்தது. அவர் அப்படிக் கிடக்கையில் நான் கேட்டேன்:

"ஏன் இதை இன்னும் முடிக்காமல் வச்சிருக்கிறியள்? எத்தினை வருசமா?"

மயங்கிவிட்டாரோ என்று பதறி, கதையுங்கோ, என்னோட கதைச்சுக்கொண்டிருங்கோ என்றேன். விட்டுவிட்டுச் சொன்னார்.

"முடிஞ்சால்... மேலை வந்து இருக்கவேணும். உம்மோட என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

நான் ஹோர்னை அழுத்தினேன்.

கடைசியில் வந்தவர் பக்கத்து வீட்டுக் கிழவர். உதவிக்கு வரவில்லை, திட்டுவதற்கு வந்தார். கிரைண்டர் சத்தத்துக்காக முன்பும் ஒருமுறை வந்து கதவைத் தட்டியவர். கராஜ் கதவில் ஓங்கி அடித்துப் பிரெஞ்சில் கத்தினார். நானும் உள்ளேயிருந்து கத்தினேன். பிரெஞ்சு வகுப்பில் படித்ததில் எது வாயில் வந்ததோ அதைச் சொன்னேன். "மொன் மாரி! அன் பா! அன் பா!" என் கணவர், கீழே, கீழே. வெளியே சத்தம் அடங்கியது. பனி வழித்த பிறகு கணவர் முன்கதவைப் பூட்டாமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம். கிழவர் பனிச் சப்பாத்தோடு கம்பளத்தில் நடந்து, படியிறங்கி வந்து, எட்டிப் பார்த்தார். கையை உயர்த்தி, அப்படியே இரு என்று எனக்குக் காட்டிவிட்டு, மேலே ஓடிப்போய்த் தொலைபேசியில் அவசர உதவியை அழைத்தார். திரும்பி வந்து முன் சில்லுகளுக்கு மரத்துண்டுகளை உதைத்து இறுக்கினார். நிலத்தில் படுத்து, காருக்கு அடியில் தலையை விட்டு, என் கணவரோடு பேசிக்கொண்டேயிருந்தார். தீயணைப்புக்காரர்கள் வந்து காரை உயர்த்தி, கணவரைப் பலகையில் வைத்து இழுத்து எடுத்தார்கள்.

என்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கிழவர்தான் வந்து குழாய்களுக்கு ஊடாகக் குனிந்து என் முழங்காலைத் தட்டினார். "செ ஃபினி, மதாம்." முடிந்தது என்கிறார் என்று விளங்கியது. ஆனால் என் கால் வரவில்லை. நான் எடு என்கிறேன், அது எடுக்கவில்லை. அவர் இரண்டு கைகளாலும் என் கணுக்காலைப் பிடித்து, பிரேக்கிலிருந்து தூக்கி, பக்கத்தில் வைத்தார்.

அம்புலன்ஸில் நான் போகவில்லை. கார்தெரியில் மகள் இருந்தாள். கிழவருடைய மனைவி தன் காரில் என்னை அங்கே கூட்டிப்போனார். காலையில் குழைத்த அரிசிமா ஒட்டிய வீட்டுச் சட்டையோடு, வேறொருவரின் காரில், என் பிள்ளையைக் கூட்டிவரப் போனேன்.

தோள் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்திருந்தன. மிச்சப் பனிக்காலம் அவர் மேலே, வரவேற்பறை சோபாவில் கிடந்தார். படியிறங்கக் கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். பனி வழிக்கும் வண்டி போகும். தபால்காரர் போவார். பிறகு ஒன்றும் போகாது. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார்: "நீர் இப்பிடியோ இருந்தனீர், இவ்வளவு நாளும்?"

"ஓம்," என்றேன்.

அந்த வாரமே தேவாலயத்தில் தெரிந்த ஒருவர் மூலம் கார் பழக்கும் தமிழ்ப் பெண் ஒருவரைப் பிடித்து, வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். முதல் நாள் வீட்டிலிருந்து நான் வெளியே இறங்கும்போது சோபாவில் எழுந்து நின்று பார்த்தார்.

கார் ஓட்டுவது எனக்குச் சுலபமாக வரவில்லை. மிதிகள் என் கால்களுக்குத் தெரியும், தெருதான் தெரியாது. முதல் பரீட்சையில் தவறி, இரண்டாவதில் தேறினேன். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில், பெட்டிகளில் சரக்குச் சரிபார்த்து ஒட்டி அனுப்பும் வேலை கிடைத்தது. பழைய சிறிய கார் ஒன்று எனக்கென்று வாங்கினோம். காலையில் மகளைக் கார்தெரியில் விட்டு நான் வேலைக்குப் போவேன். போகும் பாதையில் ஒவ்வொரு நாளும் அதே நெரிசலில், அதே இடத்தில் நிற்பேன். இதற்குத்தானா இவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சில நாட்கள் தோன்றும். ஆனாலும் நெரிசலில் நின்றது என்னுடைய கார்.

அவர் கோடையில் மறுபடி கராஜுக்கு இறங்கினார். இப்போது பக்கத்து வீட்டுக் கிழவரும் கூட வந்தார். தாங்கிகளைத் தன் கையால் ஆட்டிப் பார்க்காமல் இவரைக் கீழே படுக்கவிடமாட்டார். வேலை முடிய இன்னும் இரண்டு கோடைகள் எடுத்தன. எஞ்சின் முதல்முறை சீறியபோது சமையலறையில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதின. பரிசோதனைக்குக் கொண்டுபோன முதல் முறை, டயர்கள் உடம்பைவிட்டு வெளியே துருத்துகின்றன, புகைக்குழாய்ச் சத்தம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் முகம் வாடவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. இன்னும் கொஞ்சம் வேலை கிடைத்ததில் அவருக்கு நிம்மதி என்று எனக்குத் தெரியும். இரண்டாவது முறை தேறியது.

தகடு பூட்டிய சனிக்கிழமை, நீர் ஒருக்கா ஓட்டிப் பாரும் என்று காரின் திறப்பை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் வாங்கிக்கொண்டேன். குழாய்களுக்கு மேலால் காலைப் போட்டு உள்ளே இறங்கினேன். அகலமான பட்டிகளை என் தோள்களுக்கு மேலால் இழுத்து அவரே இறுக்கினார். கராஜிலிருந்து வெளியே வந்ததும் வெயில் கண்ணில் அடித்தது. தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை கையசைத்தது. ஸ்டியரிங் கல்லுப்போலக் கனத்தது. கால்களில் எஞ்சின் சூடு. பக்கத்து இருக்கையில் இருந்த கணவர் ஏதோ சொன்னார், சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

பெருந்தெருவில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். பச்சை விழுந்தது. என் கால் பிரேக்கை விட்டு வரவில்லை. பின்னால் ஹோர்ன்கள் கேட்டன. எல்லாம் தெரிகிறது, பச்சை தெரிகிறது, முன்னால் தெரு வெறுமையாகக் கிடக்கிறது. கால் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. கையை நீட்டி அபாய விளக்கைப் போட்டார். விளக்கு மறுபடி சிவப்பாகி, மறுபடி பச்சையானது. பிறகு, என் காதுக்குக் கிட்டக் குனிந்து, "நான் மேலைதான் இருக்கிறன்," என்றார். "காருக்குக் கீழை ஒருத்தரும் இல்லை."

கால் வந்தது. அடுத்த திருப்பத்தில் காரை ஓரமாக நிறுத்தி, பட்டிகளைக் கழற்றி இறங்கினேன். இனி இந்தக் காருக்குள் நான் ஏறமாட்டன் என்றேன். "ஓம்," என்றார். அவர் ஓட்டிக்கொண்டு போனார். நான் வீட்டுக்கு நடந்தேன். நல்ல வெயில். நடப்பதற்குத் தூரம்தான், ஆனாலும் நடந்தேன்.

அதன்பிறகு கோடைகாலத்து ஞாயிறுகளில் அவர் அந்தக் காரில் பூசைக்கு வருவார். நானும் மகளும் என் காரில் போவோம். பூசை முடிந்ததும் தேவாலய வாகனத் தரிப்பிடத்தில் ஆட்கள் அவருடைய காரைச் சூழ்ந்துகொள்வார்கள். அவர் பொனட்டைத் திறந்து விளங்கப்படுத்துவார். கதவை ஏன் அப்படிச் செய்தது, கூண்டுக் குழாயை எப்படி வளைத்தது, அந்தக் காலத்தில் ஓட்டியவர்கள் கோடைச் சூட்டில் எப்படித் தாக்குப்பிடித்தார்கள். கைகளை விரித்து, சிரித்து, இடையில் தமிழும் ஆங்கிலமும் பிரெஞ்சுமாகப் பேசிக்கொண்டே போவார். அவர் அவ்வளவு பேசக்கூடியவர் என்பதை நான் அங்கே நின்றுதான் கேட்டேன். தான் முதன்முதலில் அப்படியொரு காரைக் கண்ட கோடையில், இந்த நாட்டில் ஒருவரோடும் மனம்விட்டுப் பேச ஆளில்லாமல் இருந்ததாக ஒருநாள் யாரோ ஒருவரிடம் சொன்னார். அது எனக்குப் புதுச் செய்தி. வீட்டில் சொல்லியிருக்கலாம் என்று கோபம் வந்தது. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் யோசித்தேன்.

மகளுக்குப் பசித்துவிட்டது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். போறம் என்று கையால் காட்டினேன். தலையசைத்தார். நான் மகளின் பட்டியை மாட்டி, என் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.